பள்ளி எல்லைக்கோடு வீட்டுப் பத்திரத்தில் இல்லை: ஹோவர்ட் கவுண்டித் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

மேரிலாந்து மாநிலம் ஹோவர்ட் கவுண்டியில் வாழும் தமிழ்ப் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை வகுக்கும் நம் வட்டாரத்துப் பள்ளி எல்லைகள் மறுபடியும் மாறப்போகின்றன என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம் வாட்ஸப் குழுக்களில் ஒரு மாதிரிக் கடிதம் சுற்றத் தொடங்கிவிடுகிறது. பெயரையும் தெருவையும் மாற்றிக் கல்வி வாரியத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்ற குறிப்போடு அது இந்த முறை எனக்கும் வந்தது. அந்தக் கடிதம் இரண்டு வாதங்களின் மேல் நிற்கிறது. இந்தப் பள்ளிக்காகவே கூடுதல் விலை கொடுத்து வீடு வாங்கினோம், ஆகவே இந்தப் பள்ளி எங்கள் உரிமை என்பது முதல் வாதம். இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகள் மிகுந்த பள்ளிக்கு நம் பிள்ளைகளை மாற்றினால் அவர்களுடைய படிப்பு கெட்டுவிடும் என்பது இரண்டாவது. அதில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். எல்லை மாற்றத்தை யாரும் எதிர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதிர்க்க வலுவான காரணங்கள் உண்டு, வாரியத்தைக் கேள்வி கேட்க வேண்டிய இடங்களும் நிறைய உண்டு, அவற்றில் ஒன்றுகூட அந்தக் கடிதத்தில் இல்லை என்பதுதான் என் குறை.

முதலில், கோட்டை வரைவது யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மேரிலாந்தில் பள்ளி நிர்வாகம் ஊர்வாரியாகப் பிரிந்து கிடப்பதில்லை. மாவட்டம் போன்ற 23 கவுண்டிகளுக்கும் பால்டிமோர் நகரத்துக்குமாக மாநிலம் முழுவதற்கும் 24 பள்ளி அமைப்புகள்தாம் உள்ளன. நியூ ஜெர்சியிலிருந்து இங்கே குடிவந்தவர்களுக்கு இது பழகச் சிறிது காலம் பிடிக்கும். அங்கே நூற்றுக்கணக்கான வாரியங்கள் இருப்பதால், பக்கத்து ஊரின் பள்ளி நிரம்பி வழிந்தாலும் அந்த ஊர்க் கோட்டைத் தாண்டி நம் பிள்ளையை யாரும் மாற்ற முடியாது. இங்கே கிளார்க்ஸ்வில், எலிகாட் சிட்டி, கொலம்பியா, எல்க்ரிட்ஜ், ஜெஸ்ஸப் எல்லாம் ஒரே வாரியத்தின் கீழ் உள்ளவை. ஒவ்வொரு பள்ளிக்கும் எந்தப் பகுதிப் பிள்ளைகள் வர வேண்டும் என்பதை, பள்ளிகளின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரின் ஆலோசனையோடு, கவுண்டிக் கல்வி வாரியமே தீர்மானிக்க வேண்டும் என்று மாநிலக் கல்விச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. கவுண்டியின் வரைபடம் சிறு சிறு துண்டுகளாக, நாம் எல்லோரும் பாலிகன் என்று அழைக்கும் எண்ணிட்ட கட்டங்களாக வெட்டப்பட்டிருக்கிறது. எல்லை மாற்றம் என்பது அந்தக் கட்டங்களை ஒரு பள்ளியின் கணக்கிலிருந்து எடுத்து இன்னொரு பள்ளியின் கணக்கில் சேர்ப்பதுதான். 2019இல் கோயிலிலும் பிறந்தநாள் விருந்திலும் ஒருவரையொருவர் பார்த்தவுடன் கேட்டுக்கொண்ட கேள்வி, உங்கள் பாலிகன் எண் என்ன என்பதாக இருந்தது நினைவிருக்கும்.

அந்த ஆண்டு நடந்ததைப் புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் அன்றைய கண்காணிப்பாளர் மைக்கேல் மார்டிரானோ, ஏறக்குறைய 7,400 மாணவர்களைப் பள்ளி மாற்றும் ஒரு திட்டத்தை வாரியத்தின் முன் வைத்தார். சில பள்ளிகள் கொள்ளளவைத் தாண்டி நிரம்பி வழிந்ததும், வேறு சிலவற்றில் இடம் இருந்ததும் ஒரு காரணம். வறிய குடும்பத்துப் பிள்ளைகள் சில பள்ளிகளில் மட்டும் குவிந்துகிடந்தது இன்னொரு காரணம். கிளார்க்ஸ்வில்லில் உள்ள ரிவர் ஹில் உயர்நிலைப் பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை உணவுக்குத் தகுதி பெற்றவர்கள் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை; அங்கிருந்து சில மைல் தூரத்தில் கொலம்பியாவின் வைல்ட் லேக் பள்ளியில் அது 40ஐத் தாண்டியிருந்தது. பல இரவுகள் நீண்ட பொது விசாரணைகள், ஆளுக்கு 3 நிமிடம், ஆயிரக்கணக்கில் மின்னஞ்சல்கள், பதாகைகள், பொது வாழ்வில் இருந்தவர்களுக்கு மிரட்டல்கள் எல்லாம் நடந்தேறிய பிறகு, 2019 நவம்பர் 21 அன்று வாரியம் சுமார் 5,400 மாணவர்களை மாற்றும் வரைபடத்தை நிறைவேற்றியது. எல்லா இன மக்களும் கலந்து வாழ வேண்டும் என்ற கனவோடு ஜேம்ஸ் ரௌஸ் 1967இல் எழுப்பிய கொலம்பியாவில் இப்படி ஒரு சண்டையா என்று நாட்டின் பெரிய நாளேடுகள் எழுதின. நம்மவர்களும் அந்த மேடையில் பேசினார்கள். சிலர் நன்றாகப் பேசினார்கள். சிலர் பேசியதை அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்த பிறகு வாரியத்தின் பதிவுகளில் கேட்க நேர்ந்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி முதல் வாதத்துக்கு வருகிறேன். வீடு வாங்கும்போது நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஜில்லோ என்ற வீட்டு விற்பனைத் தளத்தைத் திறந்து, பள்ளி மதிப்பெண்ணை எட்டுக்கு மேல் என்று வடிகட்டி, அதற்குப் பிறகே சமையலறையைப் பார்க்கிறோம். அதில் தவறில்லை, படிப்பைத் தவிர வேறு சொத்து இல்லாமல் விமானம் ஏறியவர்கள் படிப்புக்காகப் பணம் கொடுப்பது இயல்பு. அந்தக் கூடுதல் விலை கற்பனையும் அன்று. பாஸ்டன் புறநகர்களில் பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் எதிரெதிரே நின்ற வீடுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்ட சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர், தொடக்கப் பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு உயர்ந்தால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 விழுக்காடு அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று 1999இல் கணக்கிட்டுக் காட்டினார். நம் ஊர் விலைக்கு அதைப் பொருத்திப் பார்த்தால் பல பத்தாயிரம் டாலர் வரும்.

ஆனால் அந்தப் பணம் யாரிடம் போயிற்று என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். வீட்டை விற்றவரிடம் போயிற்று. முகவரின் கமிஷனில் சிறிது போயிற்று. வங்கிக்கு வட்டியாக முப்பது ஆண்டுகள் போய்க்கொண்டே இருக்கும். கல்வி வாரியம் அதில் ஒரு காசும் வாங்கவில்லை, எந்த வாக்குறுதியும் தரவில்லை. நாம் கட்டும் சொத்து வரியும் ஒரே கவுண்டிக் கருவூலத்தில் விழுகிறது. கிளார்க்ஸ்வில்லுக்கு ஒரு வரி விகிதம், ஜெஸ்ஸப்புக்கு வேறு விகிதம் என்று கிடையாது. வீட்டு விளம்பரத்தின் அடியில், பள்ளி எல்லை மாறக்கூடும், பள்ளி நிர்வாகத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளவும் என்று பொடி எழுத்தில் இருக்கும் வரியை, முகவர் நம்மிடம் ஒருபோதும் வாசித்துக் காட்டுவதில்லை. கையொப்பமிட்ட பத்திரக் கட்டில் மனையின் அளவு இருந்தது, வேலியின் இடம் இருந்தது, எச்ஓஏ என்னும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதிகள் பக்கம் பக்கமாக இருந்தன. பள்ளியின் பெயர் இல்லை. இல்லாத ஒன்றை உரிமை என்று வாரியத்தின் முன் வாதிடும்போது, வாரியத்தின் வழக்கறிஞர் புன்னகைத்துவிட்டு அடுத்த பேச்சாளரை அழைக்கத்தான் செய்வார்.

இந்த வாதத்தை நான் விடச் சொல்வதற்கு அது தோற்கும் என்பது சிறிய காரணம்தான். எல்லைக்கோட்டை விலைக்கு வாங்கிய வேலியாக நினைக்கத் தொடங்கினால், அதைத் தாண்டி வருபவர் எல்லாம் திருடராகத் தெரிவார். 2011இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், தம் மகள்களை நல்ல பள்ளியில் சேர்க்கத் தம் தந்தையின் முகவரியைக் கொடுத்த ஒரு தாய் 9 நாள் சிறையில் இருந்தார். பெருங்குற்றமாகப் பதிவான அந்தத் தண்டனையைப் பிறகு மாநில ஆளுநர் தலையிட்டுக் குறைக்க வேண்டியிருந்தது. உறவினர் முகவரியில் பிள்ளையைச் சேர்ப்பது தமிழ்நாட்டில் எவ்வளவு சாதாரணம் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்தத் தாய் செய்ததை நாமும் செய்திருக்கக்கூடும்.

இரண்டாவது வாதம் எனக்கு இதைவிட வருத்தம் தருவது. வறுமையை அளக்க இங்குள்ள பள்ளிகள் பயன்படுத்தும் அளவுகோல், இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளின் விழுக்காடு. நம் பேச்சில் அது ஃபார்ம் ரேட் என்று வரும். ஒரு பள்ளியின் ஃபார்ம் ரேட் இவ்வளவு, அங்கே எப்படிப் பிள்ளையை அனுப்புவது என்று நம் குழுக்களில் மிக இயல்பாக எழுதுகிறோம். காமராசர் காலத்தில் 1956இல் பரவிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவும் இல்லாமல் நம் பெற்றோரில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியிருப்பார்கள்? நம்மிலேயே எத்தனை பேர் தட்டை ஏந்தி வரிசையில் நின்றவர்கள்? அந்த வரிசையில் நின்ற பிள்ளை அருகில் உட்கார்ந்தால் நம் மகனின் கணக்கு மதிப்பெண் குறையும் என்று தமிழர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் சொல்வதைக் கேட்க நேர்ந்தால், அவருடைய தாய் தந்தையரை நினைத்தாவது எனக்குக் கூச்சமாக இருக்கும்.

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு ஆதாரத்தைப் பார்க்கலாம். நமக்குப் பக்கத்து மாண்ட்கோமரி கவுண்டியில் அரசுக் குறைந்த வாடகை வீடுகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டதால், ஒரே அளவு வறுமையில் உள்ள குடும்பங்கள் தற்செயலாக வெவ்வேறு பள்ளி எல்லைகளுக்குள் குடியேறின. அங்கிருந்த சுமார் 850 பிள்ளைகளை 2001 முதல் 2007 வரை தொடர்ந்த ஹெதர் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் தம் முடிவை 2010இல் வெளியிட்டார். வசதியான பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில் படித்தவர்கள், கவுண்டி கூடுதல் பணம் கொட்டிய வறிய பள்ளிகளில் படித்தவர்களைவிடக் கணிதத்தில் முன்னே சென்றார்கள். தொடக்கப் பள்ளி முடியும்போது அவர்களுக்கும் வசதியான பிள்ளைகளுக்கும் இடையே இருந்த தூரம் பாதியாகக் குறைந்திருந்தது. இதை அப்படியே நம் கவுண்டிக்குப் பெயர்த்து வைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் பள்ளியின் அருகிலேயே குடியிருந்தார்கள், சிறு வயதிலேயே சேர்ந்தார்கள். பதினைந்து வயதில் ஒருவனைப் பேருந்தில் ஏற்றி வேறு பள்ளிக்கு அனுப்புவது வேறு காரியம். வாரியத்தில் பேசுவதாக இருந்தால் இந்த வேறுபாட்டைப் பேசுங்கள். அது மறுக்க முடியாத வாதம். யாரையும் இழிவுபடுத்தாத வாதமும்கூட.

இந்தக் கவுண்டியில் எல்லைக்கோட்டுக்கு ஒரு பழைய கதையும் உண்டு, அதை நம்மில் பலர் அறியாமலேயே அதன் பக்கமாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கொலம்பியாவில் அதோல்டன் உயர்நிலைப் பள்ளியை ஒட்டி நிற்கும் ஹாரியட் டப்மன் கட்டடம், 1949 முதல் 1965 வரை இந்தக் கவுண்டியின் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக நடந்த பள்ளி. இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும், ஹோவர்ட் கவுண்டி அதை முழுமையாக நடைமுறைப்படுத்தப் பதினொரு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு அருகில் இருந்த வெள்ளையர் பள்ளியைத் தாண்டி, கவுண்டியின் கோடியிலிருந்து பேருந்தில் அங்கே வந்து படித்தவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அருகில்தான் படிக்க வைக்க வேண்டும் என்று நாம் சொல்லும்போது அவர்கள் காதில் அது எப்படி விழும் என்பதை அறிந்துகொண்டு பேசுவது நல்லது. இன்று வாரியங்கள் இனத்தைக் கணக்கில் கொண்டு ஒரு மாணவரைப் பள்ளி மாற்ற முடியாதபடி சியாட்டில் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் கதவைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. பகுதிகளின் எல்லையை யோசித்து வரைவதை நீதிபதி கென்னடி தம் தனிக் கருத்தில் அனுமதித்தார், அவ்வளவே. வருமானத்தை அளவுகோலாக எடுத்ததில் நம் வாரியம் சட்டத்துக்கு உட்பட்டே நடந்தது.

அதற்காக வாரியம் செய்ததெல்லாம் சரி என்று ஆகிவிடாது. வாரியமே வகுத்துக்கொண்ட 6010 என்ற எண்ணுள்ள கொள்கையைப் படித்துப் பாருங்கள். ஒரு பள்ளியின் நிரம்பல் அளவு 90 முதல் 110 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. நடந்து வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை, பேருந்துச் செலவு, அக்கம்பக்கத்தார் பிரியாமல் இருத்தல், பொருளாதாரக் கலப்பு எல்லாவற்றையும் எடைபோட வேண்டும் என்கிறது. ஒரு பள்ளியிலிருந்து அடுத்த நிலைப் பள்ளிக்குப் போகும் கூட்டம், அங்கே மொத்தத்தில் 15 விழுக்காட்டுக்கும் குறைவான சிறு துணுக்காகிவிடக் கூடாது என்கிறது. அந்தக் கடைசி விதியின் அருமை, நடுநிலைப் பள்ளி நண்பர்கள் அனைவரும் ஒரு பள்ளிக்குப் போக, தான் மட்டும் நான்கைந்து பேரோடு வேறு பள்ளியின் உணவுக்கூடத்தில் தட்டோடு நிற்கும் பிள்ளைக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பெண் இருந்தாள். முதல் பருவம் முழுவதும் மதிய வேளையில் நூலகத்தில் உட்கார்ந்தே கழித்தாள் என்று அவள் தாய் சொன்னார். வரைபடத்தில் ஒரு பாலிகன் இடம் மாறுவது அவளுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. 2019 இலையுதிர் காலத்தில் வாரியத்தின் பணி அமர்வுகளில் கட்டங்கள் ஒவ்வொன்றாக இந்தப் பள்ளிக்கும் அந்தப் பள்ளிக்குமாக நகர்த்தப்பட்டபோது, கண்காணிப்பாளரின் முதல் வரைபடத்தில் தங்கள் பெயர் இல்லை என்று நிம்மதியாக இருந்தவர்கள் பின்னால் திடுக்கிட்டார்கள். முன்னறிவிப்புக் கேட்பதும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 6010இன் எந்த விதி காரணம் என்று எழுத்தில் கேட்பதும் முழுக்க நம் உரிமை.

அதே போல, ஒரே குடியிருப்பை சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப மாற்றுவதை எதிர்க்கலாம். பேருந்தில் எவ்வளவு நேரம் என்று கேட்கலாம். 2023 ஆகஸ்டில் புதிய ஒப்பந்ததாரரோடு கல்வியாண்டு தொடங்கியபோது பல வழித்தடங்கள் ரத்தாகி, பெற்றோர் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவிட்ட அனுபவம் அந்தக் கேள்விக்கு வலு சேர்க்கும். உயர்நிலைப் பள்ளியில் பாதி தூரம் வந்துவிட்ட பிள்ளைகளை அங்கேயே முடிக்க விடுங்கள் என்று கேட்கலாம். 2019இன் புதிய எல்லைகள் நடைமுறைக்கு வந்த 2020 கல்வியாண்டு கொரோனாவால் கணினித் திரையில்தான் தொடங்கியது. பேருந்துத் தூரத்துக்காக அத்தனை இரவுகள் வாதாடிய பிள்ளைகள் புதிய பள்ளியின் வாசலை மிதிக்காமலேயே அதன் மாணவர்கள் ஆனார்கள். புதிய ஆசிரியர், புதிய நண்பர்கள், எல்லாம் சிறு சிறு கட்டங்களில் தெரிந்த முகங்கள். அந்த ஆண்டில் மாறியவர்களுக்குத் தனி உதவி வேண்டும் என்று நம்மில் யாரும் கூட்டமாகப் போய்க் கேட்டதாக எனக்கு நினைவில்லை. வரைபடம் நிறைவேறிய மறுநாளே குழுக்கள் அமைதியாகிவிட்டன.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. எல்லைச் சண்டை என்பது இருக்கைப் பற்றாக்குறையின் கடைசிக் காட்சி. அதற்கு முந்தைய காட்சிகள் எல்லாம் வெற்று அரங்கில் நடக்கின்றன. எங்கே எத்தனை வீடு கட்டலாம், அந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் உண்டா என்பதைத் தீர்மானிக்க இந்தக் கவுண்டியில் போதுமான பொது வசதிச் சட்டம் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஆப்ஃபோ என்பார்கள். 2018இல் அதைத் திருத்தியபோது, கொள்ளளவில் தொடக்கப் பள்ளி 105, நடுநிலைப் பள்ளி 110, உயர்நிலைப் பள்ளி 115 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தப் பகுதியில் புதிய குடியிருப்புத் திட்டங்கள் காத்திருக்க வேண்டும் என்று வைத்தார்கள். காத்திருப்புக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. அது முடிந்தால் பள்ளி நிரம்பியிருந்தாலும் வீடு எழும்பும். புதிய வீடு கட்டுவோர் பள்ளிகளுக்காகச் செலுத்தும் கட்டணம் சதுர அடிக்கு 1.32 டாலராக மட்டுமே இருந்து, அதே 2019 நவம்பரில்தான் படிப்படியாக 7.50 டாலர் வரை உயரும்படி கவுண்டி மன்றம் சட்டம் இயற்றியது. எல்லைக்காகத் திரண்டவர்களில் பத்தில் ஒருவர் அந்தக் கட்டண விசாரணைக்குப் பத்து ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால், இன்று பிள்ளைகள் மழையில் நனைந்தபடி போர்ட்டபிள் என்னும் தற்காலிக வகுப்பறையிலிருந்து கழிப்பறைக்காகப் பிரதான கட்டடத்துக்கு ஓட வேண்டியிருக்காது. கவுண்டியின் பதின்மூன்றாவது உயர்நிலைப் பள்ளியான கில்ஃபர்ட் பார்க் ஜெஸ்ஸப்பில் 2023இல்தான் திறந்தது. அதன் தேவை அதற்கு வெகு காலம் முன்பே கணக்குகளில் தெரிந்திருந்தது.

அந்தக் கணக்குகள் ரகசியமும் அல்ல. பள்ளி நிர்வாகம் ஒவ்வோர் ஆண்டும் கோடைத் தொடக்கத்தில் சாத்தியக்கூறு அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. எந்தப் பள்ளி எந்த ஆண்டில் எத்தனை விழுக்காடு நிரம்பும் என்ற அட்டவணை அதில் இருக்கும். நாள் முழுவதும் எக்செல் தாளில் வாழும் நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறோம்? நம் பிள்ளையின் பள்ளிப் பெயர் இருக்கும் வரியைத் தேடினால், அடுத்த எல்லை மாற்றம் எங்கே வரும் என்பதை ஓரளவு நாமே சொல்லிவிடலாம், வாட்ஸப் வதந்திக்குக் காத்திருக்க வேண்டாம்.

வாரியத்தில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுப்பதும் நாம்தான். கவுண்டி மன்றத்தின் ஐந்து தொகுதிகளிலிருந்து ஆளுக்கு ஒருவர், கவுண்டி முழுவதற்குமாக இருவர், ஆக ஏழு பேர். இவர்களோடு மாணவர்களே தேர்ந்தெடுக்கும் ஒரு மாணவ உறுப்பினர். எல்லை வரையும் தீர்மானத்தில் மாணவ உறுப்பினருக்கு மட்டும் வாக்கு இல்லை என்பது எனக்கு எப்போதும் விந்தையாகவே இருக்கிறது. பள்ளி மாறப்போகிறவர்கள் அவருடைய வாக்காளர்கள்தானே. மற்ற ஏழு பேரின் பெயர்கள் தேர்தல் சீட்டில் கட்சிச் சின்னம் இல்லாமல், குடியரசுத் தலைவரும் செனட்டரும் நீதிபதிகளும் முடிந்த பிறகு வரும். அங்கே வந்து சேர்வதற்குள் நம்மவர் பலர் களைத்து அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வருகிறார்கள். தமிழகத்தில் நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறை வந்தால் எத்தனை இடம் போகும் என்று நள்ளிரவு வரை விவாதிக்கும் நமக்கு, நம் வீட்டு வாசலில் கோடு வரையும் ஏழு பேரில் இருவரின் பெயராவது தெரியுமா? குடியுரிமை இன்னும் வராதவர்கள், எச்1பி வேலை விசாவிலும் நிரந்தரக் குடியிருப்புக்கான பச்சை அட்டை வரிசையிலும் காத்திருப்பவர்கள் வாக்களிக்க முடியாதுதான். ஆனால் அந்த 3 நிமிட மேடையில் ஏறப் பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை. குளிர்காலத்தில் நடக்கும் வரவுசெலவுத் திட்ட விசாரணையில் பேசுவோர் பட்டியல் எல்லை விசாரணையின் பட்டியலைப் போல நீள்வதும் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. சுற்றிவரும் மாதிரிக் கடிதத்தைத் தயவுசெய்து முன்னோக்கி அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள், வேறு சொற்களில் இன்னொன்று அனுப்பலாம். வாரியம் அதையும் படிக்கும். எழுதும்போது, உங்கள் பாலிகன் எண், தற்போதைய பள்ளிக்கும் உத்தேசப் பள்ளிக்கும் உள்ள பயண நேரம், அடுத்த நிலைக்கு எத்தனை பேர் சேர்ந்து போவார்கள் என்ற கணக்கு, கடைசியாக எந்த ஆண்டு உங்கள் குடியிருப்பு மாற்றப்பட்டது என்ற விவரம் ஆகியவற்றை எழுதுங்கள். வீட்டின் விலையை எழுதாதீர்கள். வேறு எந்தப் பள்ளியின் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல்கூட எழுதாதீர்கள். உத்தேசப் பள்ளியின் மேல் உங்களுக்கு ஐயம் இருந்தால், அங்கே கல்லூரித் தரத்திலான ஏபி பாடங்களில் எவையெவை இல்லை, எந்தக் கணித வரிசை நடுவில் நின்றுபோகிறது, எத்தனை ஆசிரியர் இடங்கள் காலியாக உள்ளன என்று கேட்டு, அவற்றை மாற்றம் நடக்கும் முன்பே நிரப்பித் தருமாறு கோருங்கள். அந்தக் கோரிக்கை நிறைவேறினால் அங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கும். அவர்களுடைய பெற்றோரும் உங்களோடு சேர்ந்து கையொப்பமிடுவார்கள்.

இந்த அடிப்படையில் ஒரு வரைவை நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். அதைத் திருத்தவும், எதிர்க்கவும், கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதவும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வகுப்புகள் நடக்கும்போது உணவுக்கூட மேசையில் உட்காரலாம் என்று எண்ணுகிறேன். பிள்ளைகள் உள்ளே திருக்குறள் படிக்கும் நேரத்தில் வண்டியில் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கும் தந்தையர் குறிப்பாக வர வேண்டும். சாத்தியக்கூறு அறிக்கையின் அச்சுப் பிரதியை நான் கொண்டுவருகிறேன். உங்கள் பாலிகன் எண்ணை நீங்கள் கொண்டுவாருங்கள்.

இங்ஙனம்,
எலிகாட் சிட்டியிலிருந்து உங்களில் ஒரு பெற்றோர்